ஸ்விட்சைத் தேட 20 நிமிடம்! கட்டடங்களின் மின்பசியை அடக்கிய ஆணைகள்... தெரியுமா?

ஜன்னலுக்கு வரி போட்ட அரசாங்கம் ஒன்று இருந்தது, தெரியுமா? 1696, இங்கிலாந்து. வீட்டில் ஜன்னல் கூடினால் வரியும் கூடும். மக்கள் என்ன செய்தார்கள்? கொத்தனாரைக் கூப்பிட்டு ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள்! வெளிச்சம் போயிற்று, காற்று போயிற்று, வீட்டுக்குள் நோய் வந்தது. மருத்துவர்கள் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லியும் அந்த வரி ஒழிய 1851 ஆகிவிட்டது. அடைபட்ட ஜன்னல்களை லண்டனின் பழைய தெருக்களில் இன்றைக்கும் பார்க்கலாம்.

ஒரு மோசமான வரி ஊரின் சுவர்களையே மாற்றிவிடும் என்றால், ஒரு நல்ல ஆணை என்னவெல்லாம் செய்யும்! உலகம் செலவழிக்கும் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் கட்டடங்களுக்குள்தான் போகிறது. வீடு, அலுவலகம், கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் சேர்த்து. அந்தப் பெரும்பசியை அரசாங்கங்கள் ஒரு தாள் ஆணையால் குறைத்த கதைகளைப் படிக்கப் படிக்க எனக்கு வியப்பு அடங்கவே மாட்டேன் என்கிறது.

முதலில் கலிஃபோர்னியாவுக்குப் போவோம். ஆர்தர் ரோசன்ஃபெல்ட் என்று ஓர் இயற்பியலாளர். அணு விஞ்ஞானி என்ரிகோ ஃபெர்மியிடம் முனைவர் பட்டம் பெற்றவர். 1973 நவம்பர், வெள்ளிக்கிழமை இரவு. அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்திவிட்டதால் அமெரிக்கா முழுக்க பெட்ரோல் பங்குகளில் நீண்ட வரிசை. பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் வேலை முடித்துக் கிளம்பும்போது மனிதர் ஒரு கணக்குப் போட்டார். தன் மாடியில் ஆளில்லாத 20 அறைகளில் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. திங்கள் காலை வரை இப்படியே எரிந்தால் 100 காலன் எரிபொருள் வீண்! சரி, அணைத்துவிட்டுப் போகலாம் என்று கிளம்பினால் ஸ்விட்சைக் காணோம். கோப்பு அலமாரிக்குப் பின்னால் ஒன்று, புத்தக அடுக்குக்குப் பின்னால் ஒன்று, சுவரொட்டிக்கு அடியில் ஒன்று. கண்டுபிடித்து அணைக்க 20 நிமிடம் ஆயிற்றாம்! விளக்கை அணைக்கும் வழக்கமே அந்தக் கட்டடத்தில் இருந்ததில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. துகள் இயற்பியலை விட்டுவிட்டு மிச்ச வாழ்நாளை மின்சிக்கனத்துக்குக் கொடுத்துவிட்டார்.

அடுத்த ஆண்டே, 1974இல், கலிஃபோர்னியா மாநிலம் எரிசக்தி ஆணையம் அமைக்கச் சட்டம் போட்டது. கையெழுத்திட்டவர் அப்போதைய ஆளுநர் ரொனால்டு ரீகன்! பின்னாளில் ஜனாதிபதியான அதே ரீகன்தான். 1978இல் புதுக் கட்டடங்களுக்கான எரிசக்தி விதிகள் வந்தன. சுவருக்கு இவ்வளவு வெப்பக்காப்பு, ஜன்னலுக்கு இப்படிக் கண்ணாடி என்று வரைபடத்திலேயே கட்டுப்பாடு. ஃபிரிட்ஜுக்கும் தரவரம்பு வந்தது. விளைவைக் கேளுங்கள்: 1970களின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க ஃபிரிட்ஜ் ஆண்டுக்குச் சுமார் 1,800 யூனிட் குடித்தது. 2001 வாக்கில் அது 500 யூனிட் அளவுக்கு இறங்கிவிட்டது. இத்தனைக்கும் ஃபிரிட்ஜின் அளவு பெரிதாயிற்று, விலையோ குறைந்தது! விதி போட்டால் விலை ஏறும், தொழில் படுத்துவிடும் என்று பயமுறுத்தியவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எது?

1970களின் நடுவிலிருந்து பல பத்தாண்டுகள் கலிஃபோர்னியாவில் ஆளுக்கு ஆகும் மின்செலவு ஏறக்குறைய அப்படியே நின்றது. நாட்டின் மற்ற பகுதிகளில் அது சுமார் 50 சதவீதம் ஏறியது. அங்குள்ள மிதமான தட்பவெப்பத்துக்கும், மின்சாரம் அதிகம் குடிக்கும் ஆலைகள் குறைவாக இருந்ததற்கும் இதில் பங்கு உண்டு. அதைக் கழித்த பிறகும் விதிகளுக்கு ஒரு பங்கு மிஞ்சுகிறது. 2010இல் விஞ்ஞானிகள் சேர்ந்து ஒரு புது அளவையே உருவாக்கினார்கள்: ஆண்டுக்கு 300 கோடி யூனிட் மிச்சம் பிடித்தால் அது ‘ஒரு ரோசன்ஃபெல்ட்’. 500 மெகாவாட் அனல் மின்நிலையம் ஒன்றை மூடிவிடலாம் என்று அர்த்தம். இந்த அளவை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நம் நாட்டுக்கு வரும்போது தேவைப்படும்!

கழுத்துப் பட்டையை அவிழ்த்து மின்சாரத்தை மிச்சம் பிடித்த நாடு எது தெரியுமா? ஜப்பான்! 2005 கோடையில் சுற்றுச்சூழல் அமைச்சகம் ‘கூல் பிஸ்’ என்று ஓர் இயக்கம் தொடங்கியது. அரசு அலுவலகங்களில் ஏசி 28 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது. அதற்கு ஈடாக கோட், டை இரண்டும் வேண்டாம். கோட்டில்லாமல் அலுவலகம் போவதை அவமரியாதையாக நினைத்த சமூகம் அது! யார் முதலில் கழற்றுவது? பிரதமர் கொய்சுமியே டை இல்லாமல் கேமரா முன்னால் வந்து நின்றார். முதல் கோடையிலேயே 4,60,000 டன் கரியமில வாயு குறைந்தது என்று அமைச்சகம் மதிப்பிட்டது. 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் ஃபுகுஷிமா விபத்தும் சேர்ந்து மின்உற்பத்தியைச் சாய்த்தபோது இதே பழக்கம்தான் கைகொடுத்தது. டோக்கியோ வட்டாரத்தின் பெரிய மின்நுகர்வோர் 15 சதவீதம் குறைத்தே ஆகவேண்டும் என்று ஆணை வந்தது, அவர்கள் குறைத்தும் காட்டினார்கள்.

2022இல் ஸ்பெயினும் இதே வழிக்கு வந்தது. கடைகளிலும் பொதுக் கட்டடங்களிலும் ஏசி 27 டிகிரிக்குக் கீழே கூடாது, இரவு 10 மணிக்கு மேல் கடைக் கண்ணாடிகளில் விளக்கு கூடாது என்று அப்போது ஆணை போட்டார்கள். அங்கும் பிரதமர் டையைக் கழற்றினார்! பிரான்ஸோ 2013 ஜூலையிலேயே முந்திக்கொண்டது: கடைசி ஊழியர் கிளம்பிய ஒரு மணி நேரத்துக்குள் அலுவலக விளக்குகள் அணைய வேண்டும், கடைக் கண்ணாடி விளக்குகள் இரவு 1 மணி முதல் காலை 7 வரை எரியக்கூடாது. ‘ஒளி நகரம்’ என்று பெயரெடுத்த பாரிஸுக்கும் சேர்த்துத்தான்!

இப்போது நம் வீட்டு ஏசியைப் பார்ப்போம். புதிதாக வாங்கிய ஏசியை முதல்முறை போட்டதும் 24 டிகிரி காட்டுகிறதே, அது கம்பெனிக்காரர் விருப்பம் இல்லை, இந்திய அரசின் ஆணை, தெரியுமா? 2020 ஜனவரி 1 முதல் ஸ்டார் முத்திரை பெறும் அறை ஏசிகள் எல்லாம் 24இல்தான் தொடங்க வேண்டும். யாருக்கும் தடை இல்லை. வேண்டுமென்றால் 18க்கு இறக்கிக்கொள்ளலாம். ஆனால் நம்மில் பெரும்பாலோர் ரிமோட்டில் இருப்பதை அப்படியே விட்டுவிடுகிறோம். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது எரிசக்தி சிக்கனத்துக்கான மத்திய அமைப்பான பி.இ.இ. யாரையும் அதட்டாமல், அபராதம் போடாமல், தொடக்க எண்ணை மட்டும் மாற்றிய இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் எல்.இ.டி. பல்பு! 2014 தொடக்கத்தில் அரசு நிறுவனம் கொள்முதல் செய்த விலை பல்புக்கு 310 ரூபாய். 2016க்குள் அது எவ்வளவு ஆயிற்று தெரியுமா? 38 ரூபாய்! மந்திரம் ஒன்றுமில்லை. 2015 ஜனவரியில் தொடங்கிய ‘உஜாலா’ திட்டத்தில், இ.இ.எஸ்.எல். என்ற அந்த நிறுவனம் கோடிக்கணக்கில் ஒரேயடியாக டெண்டர் விட்டது. இவ்வளவு வாங்க ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கை கிடைத்ததும் உற்பத்தியாளர்கள் ஆலைகளைப் பெரிதாக்கினார்கள், விலை சரிந்தது. ஒவ்வொரு டெண்டரும் முந்தையதைவிட மலிவு. மானியம் கொடுத்து விலையைக் குறைக்கவில்லை. மொத்தமாக வாங்கியே குறைத்தார்கள்! 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் வீடுகளுக்குப் போயின. ஆண்டுக்குச் சுமார் 4,800 கோடி யூனிட் மிச்சம் என்பது அரசின் மதிப்பீடு. ஞாபகத்தில் வைக்கச் சொன்ன அளவை இப்போது எடுங்கள்: 16 ரோசன்ஃபெல்ட்! 500 மெகாவாட் அனல் மின்நிலையங்கள் பதினாறு! திட்டத்தில் பல்பு வாங்காதவர்களுக்கும் லாபம்தான். தெருமுனை எலக்ட்ரிக்கல் கடையிலும் விலை இறங்கிவிட்டதே!

பல்பை இலவசமாகவே கொடுத்த நாடும் உண்டு. கியூபா! 2006ஐ ‘எரிசக்திப் புரட்சி ஆண்டு’ என்று அறிவித்து, இளைஞர் படை வீடு வீடாகப் போய்க் குண்டு பல்புகளைக் கழற்றிப் புது பல்பு மாட்டியது. சில மாதங்களில் 90 லட்சத்துக்கும் மேல்! பழைய ஃபிரிட்ஜுகளையும் லட்சக்கணக்கில் மாற்றினார்கள்.

நியூயார்க்கில் கட்டடங்களுக்கு மார்க் போட்டு வாசலில் ஒட்டுகிறார்கள், தெரியுமா? 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடம் என்றால் ஏ, பி, சி, டி என்று எரிசக்தித் தரத்தைப் பொதுமக்கள் நுழையும் இடத்தில் ஒட்டியாக வேண்டும். மதிப்பெண் 55க்குக் கீழே போனால் டி! பளபளவென்று கண்ணாடி போர்த்திய கோபுரமாக இருந்தாலும் டி என்றால் டிதான். கணக்கே கொடுக்காத கட்டடத்துக்கு எஃப்! 2019இல் போட்ட இன்னொரு சட்டம் இன்னும் கடுமை: கரிம வரம்பைத் தாண்டினால் ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர் அபராதம். வரம்புகள் 2024 முதல் நடப்புக்கு வந்தன.

குளிர்காலத்தில் ஹீட்டர் ஏறக்குறைய வேண்டாத வீட்டை ஒரு தலைநகரம் சட்டமாகவே ஆக்கிய கதையும் உண்டு. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ்! ‘பாசிவ் வீடு’ என்ற இந்த முறையின் முதல் வீடு ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991இல் எழுந்தது. தடித்த காப்பு, மூன்றடுக்குக் கண்ணாடி, காற்று கசியாத இணைப்புகள், வெளியேறும் காற்றின் வெப்பத்தைப் பிடித்து உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் கருவி, இவ்வளவுதான் ரகசியம். சதுர மீட்டருக்கு ஆண்டு முழுவதும் 15 யூனிட் வெப்பம் போதும். பிரஸ்ஸல்ஸ் அரசு முதலில் சட்டம் போடவில்லை. 2007இல் போட்டி வைத்தது! சிறந்த கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தது. கட்டடக் கலைஞர்களும் கொத்தனார்களும் செய்து செய்து கைபழகினார்கள். முடியும் என்பது ஊருக்கே தெரிந்த பிறகுதான் 2015 ஜனவரி 1 முதல் புதுக் கட்டடங்களுக்கெல்லாம் பாசிவ் தரம் கட்டாயமாயிற்று. முதலில் கைக்குப் பழக்கம், பிறகு சட்டம்! எந்த அரசும் பின்பற்றத்தக்க வரிசை இது.

சரி, நம் ஊர் வெயிலுக்கு? இந்தியாவில் வீடுகளுக்கென்றே ‘இகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித்தொகுப்பு 2018 டிசம்பரில் வந்தது. சுவர், ஜன்னல் வழியாக உள்ளே நுழையும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக்கூடாது என்கிறது அது. அதில் என்னைத் துள்ள வைத்த விதி வேறொன்று: சென்னை மாதிரி வெப்பமும் புழுக்கமும் சேர்ந்த ஊர்களில், திறக்கக்கூடிய ஜன்னல், கதவுப் பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும்! கண்ணாடி பதித்து மூடிய ஜன்னல் கணக்கில் வராது. காற்று வர வேண்டும். இங்கிலாந்து வரி போட்டு அடைத்ததை இந்தியா விதி போட்டுத் திறக்கச் சொல்கிறது! மாநிலங்கள் இதை முழு மூச்சாக நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் மனமார்ந்த ஆசை.

கூரையை மறந்துவிட முடியுமா? 2023 ஏப்ரலில் தெலங்கானா ‘குளிர்கூரைக் கொள்கை’யை வெளியிட்டது. 2028க்குள் 300 சதுர கிலோமீட்டர் கூரையை வெயிலைத் திருப்பியடிக்கும் கூரையாக மாற்றுவது இலக்கு! தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளின் மொட்டை மாடிகளுக்கு வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சு பூசும் திட்டம் நடக்கிறது. இதில் முன்னின்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி சுப்ரியா சாஹுவுக்கு ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2025இல் ‘புவி வாகையர்’ விருது கொடுத்தது. ஏப்ரல் மாத மதியத்தில் தேர்வு எழுதும் பிள்ளைக்கு இந்தப் பூச்சின் அருமை தெரியும்.

கடைசியாக நியூசிலாந்து. இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறையும். அங்கே ஆய்வாளர்கள் 1,350 குடும்பங்களை எடுத்துக்கொண்டு, பாதி வீடுகளுக்கு உடனே காப்பு பொருத்தினார்கள், மீதிக்கு ஆய்வு முடிந்ததும். காப்பு பொருத்திய வீடுகளில் பிள்ளைகளுக்கு இளைப்பு குறைந்தது, பள்ளிக்கு விடுப்பு எடுப்பதும் குறைந்தது! 2007இல் இந்த முடிவு வெளியானது. 2009இல் அரசு உதவிப்பணத்தோடு பெரிய திட்டம் தொடங்கி லட்சக்கணக்கான வீடுகளுக்குக் காப்பு போட்டது. போட்ட பணத்துக்கு ஏறக்குறைய நாலு மடங்கு பலன் என்று கணக்கு வந்தது. அந்தப் பலனில் பெரும்பங்கு கரண்ட் பில்லில் கிடைத்ததில்லை. மக்களின் உடல்நலத்தில் கிடைத்தது!

அதோடு நிற்கவில்லை. 2019 ஜூலை 1 முதல் வாடகை வீடுகளில் கூரைக்கும் தரைக்கும் காப்பு கட்டாயம், செலவு வீட்டுக்காரருடையது. காரணம் நம் ஊரில் மேல்மாடியில் குடியிருக்கும் யாருக்கும் புரியும். கரண்ட் பில் கட்டுபவர் குடியிருப்பவர். கூரைக்குச் செலவு செய்ய வேண்டியவர் வீட்டுச் சொந்தக்காரர். வெயில் உறைக்காதவருக்குக் கூலிங் டைல்ஸ் பதிக்க என்ன அவசரம்? மொட்டை மாடிக்கு நேர்கீழே இருக்கும் வாடகை வீடுகளுக்கு வெள்ளைப் பூச்சாவது கட்டாயம் என்று நம் அரசும் ஒரு வரி ஆணை போடலாம். அடுத்த கோடைக்குள்ளேயே போடலாம்.