கோபர் கேஸுக்குக் கடன் கேட்கும் முன் மாட்டை எண்ணுங்க



நடவு வயலில் காலை எடுத்து வச்சா சேத்துக்குள்ளேருந்து குமிழி குமிழியா வருமே, அது மீத்தேன். மீத்தேன்னு சொன்னாலே நம்ம பக்கத்துல பயம்தான். 2010-ல் மன்னார்குடி வட்டாரத்தில் பூமிக்கடியில் உள்ள நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க ஒப்பந்தம் போட்டாங்க. நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய் எதிர்த்தார். 2020-ல் தஞ்சை, திருவாரூர், நாகை பகுதிகள் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாச்சு. சாண எரிவாயு அடுப்பில் எரிவதும் அதே மீத்தேன்தான். ஆனா இதுக்கு ஆழ்துளை போட வேண்டாம், நிலத்தடி நீரை இறைச்சுக் கொட்டவும் வேண்டாம். கொட்டகைச் சாணி போதும்.

காற்றுப் புகாத தொட்டியில் சாணியைக் கரைச்சு ஊத்தினா, மாட்டு வயித்துலேருந்தே கூட வந்த நுண்ணுயிர்கள் வேலையை ஆரம்பிக்கும். ஒரு வகை சாணியைப் புளிக்க வைக்கும். இன்னொரு வகை அந்தப் புளிப்பைத் தின்னுட்டு வாயுவை விடும்.

இப்ப கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ ஈரச்சாணியில் சுமார் 40 லிட்டர் வாயு கிடைக்கும். ஒரு ஆளுக்கு மூணு வேளை சமைக்க ஒரு நாளைக்கு சுமார் 240 லிட்டர் வேணும். நாலு பேர் உள்ள வீட்டுக்குக் கிட்டத்தட்ட 1,000 லிட்டர், அதாவது ஒரு கன மீட்டர். அதுக்கு தினம் 25 கிலோ சாணி. கட்டிப்போட்ட மாடு ஒண்ணு 10 கிலோ போடும்னு வச்சாலும், ரெண்டு மூணு மாடு வேணும். மேயப் போற மாடுன்னா பாதிச் சாணி வரப்புலயே போயிடும். டிராக்டர் வந்தப்புறம் உழவு மாடு இல்லாத வீடுதான் நம்ம ஊர்களில் அதிகம். ஒரே கறவை மாட்டை வச்சுக்கிட்டு ரெண்டு கன மீட்டர் கலனுக்குக் கடன் வாங்கினா, அடுப்பு எரியாது, தவணை மட்டும் வரும். பக்கத்து வீட்டுச் சாணி கிடைக்குமான்னு முதலிலேயே பேசி முடிச்சுக்கோங்க.

அடுத்தது இடம். 1984-ல் வந்த 'தீனபந்து' மாதிரியில் கலன் முழுக்க மண்ணுக்குள்ள இருக்கும், செங்கல்லால் கவிகை கட்டுவாங்க. செலவு குறைவுதான். ஆனா ஐப்பசி, கார்த்திகையில் நம்ம ஊரில் ரெண்டடி தோண்டினாலே ஊத்து வந்துடும். களிமண் வேற, கோடையில் வெடிக்கும், மழையில் ஊதும். தாழ்ந்த இடத்தில் கட்டினா விரிசல் விட்டு வாயு கசியும். அதனால கோடையிலேயே மேட்டுப் பக்கமா, வெயில் படுற இடத்தில், குடிதண்ணிக் கிணத்துக்கு 15 மீட்டராவது தள்ளிக் கட்டணும். அனுபவம் உள்ள கொத்தனார் இல்லேன்னா ஆரம்பிக்காதீங்க.

கட்டின பிறகு சாணியும் தண்ணியும் சம அளவு கரைச்சு ஊத்தணும். வைக்கோல் போனா மேலே மிதந்து ஆடை கட்டிக்கும். சோப்புத் தண்ணி, பினாயில் போனா நுண்ணுயிர் செத்துடும். மீந்த சோறு, காய்கறிக் கழிவு கொஞ்சம் போடலாம், சாணியைவிட வாயு அதிகமாவே வரும். கல்யாண வீட்டுச் சோத்தை ஒரே நாளில் கொட்டினா மட்டும் உள்ளே புளிப்பு ஏறி வாயு நின்னுடும். அப்படி ஆனா சில நாள் ஒண்ணும் போடாம விட்டுட்டு, பிறகு சாணி மட்டும் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. முதலில் வரும் வாயு சரியா எரியாது. அதைத் திறந்து வெளியே விட்டுடணும். அப்போ கிட்ட நெருப்பு ஆகாது. கலனுக்குள்ள யாரையும் இறக்கக் கூடாது, மூச்சு முட்டி உயிர் போயிடும்.

வெளியே வரும் கரைசலைப் பலர் சாக்கடையில் விடறாங்க. எனக்கு அதுதான் பெரிய நஷ்டமாத் தெரியுது. வரட்டி தட்டி எரிச்சா சாணியின் தழைச்சத்து புகையோட போயிடும், கரைசலில் அது அப்படியே தங்கும். களை விதையும் பெரும்பாலும் முளைக்காது. குறுவை நாத்தங்காலுக்கு வாய்க்கால் தண்ணியோட கலந்து விடுங்க, மீதியைக் குப்பைக்குழியில் வைக்கோலோட சேர்த்து மக்க வைங்க.

மானியம் வருஷத்துக்கு வருஷம் மாறுது. வட்டார அலுவலகத்திலோ, நீடாமங்கலம் மாதிரி வேளாண் அறிவியல் நிலையத்திலோ இந்த வருஷத் தொகையைக் கேட்டு எழுதி வாங்கிட்டு, அப்புறமா குழுத் தீர்மானம் போடுங்க.