மிச்சமாகும் டீசல் யாருக்கு?

போர்ட் பிளேயரில் டெலானிபூர் பக்கம் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். 2024 செப்டம்பரிலிருந்து ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். என் பில் புத்தகத்தில் இன்னும் பழைய பெயர்தான். வயரிங், மோட்டார், இன்வெர்ட்டர் என்று ஓடிக்கொண்டிருந்த கடையில் இப்போது பாதி வேலை மாடியில் சோலார் பேனல் மாட்டுவது. ஓட்டல்காரர்களும் லாட்ஜ்காரர்களும் வந்தால், “எப்போ மாட்டித் தருவீங்க?” என்பார்கள். வீட்டுக்காரர்கள் விலையைக் கேட்பார்கள், டீ குடிப்பார்கள், “பார்த்துட்டுச் சொல்றேன் அண்ணே” என்று போய்விடுவார்கள். இருவர் மாடியிலும் அடிப்பது ஒரே வெயில்தான். கரண்ட் பில்தான் வேறு.

இந்தத் தீவுகளில் ஒரு யூனிட் மின்சாரத்தை உண்டாக்கி மீட்டர் வரை கொண்டுவந்து சேர்க்க மின்துறைக்கு இருபது ரூபாய்க்கு மேல் ஆகிறது. டீசல் கப்பலில் வருகிறது, பிறகு சின்னத் தீவுகளுக்கு மறுபடி கப்பலேறிப் போகிறது. வீட்டுக்காரர் கொடுப்பதோ அதில் ஒரு சிறு பங்கு. கடைக்காரர்களுக்கும் ஓட்டல்களுக்கும் விலை கூடுதல், ஆனாலும் அடக்க விலையைத் தொடாது. மீதியை டெல்லி தன் பட்ஜெட்டிலிருந்து போடுகிறது. இப்போது ஒரு வீட்டுக்காரர் கடன் வாங்கிப் பேனல் மாட்டுகிறார் என்று வையுங்கள். அவர் மாடியில் விளையும் ஒவ்வொரு யூனிட்டும் அவருக்குச் சில ரூபாய்தான் மிச்சம் பிடித்துத் தரும். அதே யூனிட்டால் அரசுக்கு மிச்சமாகும் டீசலின் மதிப்பு அதைப்போலப் பல மடங்கு. முதல் போடுகிறவர் ஒருவர், பலனை அறுவடை செய்கிறவர் இன்னொருவர். அந்தமானில் சோலாரை எப்படிப் பெருக்குவது என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்.

பிரதான நிலத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சென்னையிலிருந்து இங்கே கடலடியில் இண்டர்நெட் கேபிள் வந்துவிட்டது. 2020 ஆகஸ்டில் திறந்தார்கள், நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். கரண்டு அப்படி வரவில்லை. ஒவ்வொரு தீவும் தனக்குத்தானே ஒரு மின்வாரியம் மாதிரி. தெற்கு அந்தமானுக்குச் சாத்தம், ஃபீனிக்ஸ் பே பவர் ஹவுஸ்களின் டீசல் செட்டுகள். வடக்கே திக்லிபூரில் கல்போங் ஆற்றின் குறுக்கே என்.எச்.பி.சி. கட்டிய 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம். 2001-இல் ஓடத் தொடங்கியது, இங்கே வேறு நீர்மின் நிலையம் கிடையாது. ஓரிடத்தில் கரண்டு குறைந்தால் பக்கத்து மாநிலத்திலிருந்து வாங்கிக்கொள்ளும் வசதி இல்லை.

எங்கள் சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டம், கமுதிக்குப் பக்கம். அப்பா கூலி வேலைக்குக் கப்பலேறி வந்தவர். ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த 648 மெகாவாட் பேனல் காட்டைப் பார்க்கிறேன். அது எப்படி வந்தது? தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2014-இல், ‘சோலார் மின்சாரத்தை யார் கொடுத்தாலும் யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு’ என்று விலை கட்டியது. அதானி நிறுவனம் 2015-இல் ஒப்பந்தம் போட்டு மறு வருடமே கட்டி முடித்தது. இது ஒரு முறை: அரசு விலையை முன்கூட்டியே சொல்லிவிடும், வருகிறவர் வரலாம். வேகமாக வேலை நடக்கும். ஆனால் பேனல் விலை சரிந்துகொண்டே வந்த காலத்தில் இருபத்தைந்து வருடத்துக்கு ஒரே விலையைக் கட்டிக்கொள்வதன் கசப்பு பின்னால்தான் தெரியும். 2017-இல் அதே தமிழ்நாடு 1,500 மெகாவாட்டுக்கு ஏலம் விட்டபோது விலை 3 ரூபாய் 47 காசு. அதே வருடம் ராஜஸ்தானின் பட்லாவில் 2 ரூபாய் 44 காசு வரை இறங்கியது. யார் குறைவாகக் கேட்கிறார்களோ அவர்களுக்கே வேலை என்பதுதான் ஏல முறை. தமிழ்நாட்டு ஏலத்தில் 709 மெகாவாட்டை எடுத்தது நெய்வேலி என்.எல்.சி.

அந்த என்.எல்.சி. இங்கேயும் இருக்கிறது. தெற்கு அந்தமானில் முதலில் வந்த பெரிய சோலார் நிலையம் காராசர்மாவில் என்.டி.பி.சி. அமைத்த 5 மெகாவாட். 2012 கடைசியில் ஓடத் தொடங்கியது. பிறகு டாலிகஞ்ச், அட்டம்பஹாட் இரண்டு இடங்களிலும் சேர்த்து என்.எல்.சி. 20 மெகாவாட் அமைத்து 2020-இல் முடித்தது. இங்கே பேனலுடன் பாட்டரியும் வந்தது: 8 மெகாவாட் மணி.

இந்தப் பாட்டரியைப் பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் உண்டு. பகலில் சேமித்து ராத்திரி விளக்கெரியும் என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால், முழு வேகத்தில் ஓடும் 20 மெகாவாட் நிலையத்தின் அரை மணி நேர உற்பத்தியைக்கூட அதில் நிரப்ப முடியாது. அதன் வேலை வேறு. ஒரு மேகம் வந்து நின்றால் சில நிமிடங்களில் உற்பத்தி பாதிக்கும் கீழே போகும். கமுதியில் அப்படி ஆனால் தென்னிந்திய கிரிடு அதைக் கவனிக்கக்கூடச் செய்யாது. இங்கே மொத்தத் தேவையே சில பத்து மெகாவாட்தான். டீசல் செட் திடீரென்று மூச்சுப் பிடித்து ஓட வேண்டும், இல்லாவிட்டால் ஃபீடர் விழும். அதற்குப் பயந்து பவர் ஹவுஸ்காரர்கள் ஒரு செட்டைக் கூடுதலாகவே ஓட்டி வைத்திருப்பார்கள். டீசல் செட்டை ரொம்பக் குறைந்த லோடில் ஓட்டினால் எரிபொருளும் வீண், எஞ்சினுக்கும் கேடு. ஆக, வெயில் அடிக்கும்போதும் டீசல் புகைந்துகொண்டே இருக்கும். அந்தக் குலுக்கலைத் தாங்கத்தான் என்.எல்.சி. பாட்டரி. மேகம் வந்தால் கொஞ்ச நேரம் முட்டுக் கொடுக்கும், அதற்குள் எஞ்சின் பிக்கப் ஆகிவிடும்.

இதை ஒப்பந்தத்தின் மொழியில் சொல்கிறேன். பிரதான நிலத்து ஏலத்தில் ‘ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு’ என்று மட்டும் கேட்டால் போதும், மேகத்தின் பாரத்தை கிரிடு சுமந்துகொள்ளும். தீவில் அதைச் சுமக்க ஆள் கிடையாது. ஒப்பந்தத்தில் யாராவது ஒருவர் தலையில் அதை எழுதி வைக்க வேண்டும். எழுதாவிட்டால் டீசல் டாங்கியின் தலையில் விழும்.

டீசல்காரர்களின் ஒப்பந்தம் இதில் கெட்டியானது. பம்பூஃப்ளாட்டில் சூர்யசக்ரா என்ற தனியார் கம்பெனி 20 மெகாவாட் டீசல் நிலையம் வைத்திருந்தது. பெயரில்தான் சூரியன்! 1997-இல் ஒப்பந்தம், 2003-இல் ஓட்டம். அதன் கட்டணத் தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தக் கதை நீளம், விடுங்கள். இந்த மாதிரி ஒப்பந்தங்களின் அமைப்பை மட்டும் பாருங்கள். மாத வாடகைக்கு டாக்சி பேசுகிற மாதிரி: வண்டி ஓடினாலும் நின்றாலும் வாடகை உண்டு, எரிபொருள் ஓடியதற்கு ஏற்ப. டீசல் விலை ஏறினால் அந்தச் சுமை வாங்குகிறவருக்கு. கூப்பிட்ட நேரத்துக்கு வண்டி வாசலில் நிற்க வேண்டும், அது விற்கிறவரின் பொறுப்பு. சோலார் ஒப்பந்தத்தில் எரிபொருள் செலவு பூஜ்யம். ஆனால் வண்டி எப்போது வாசலுக்கு வரும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

அந்த ‘எப்போது’ இங்கே ஒரு தனிச் சிக்கல். நாங்கள் கிழக்கே வெகு தூரத்தில் இருக்கிறோம், கடிகாரம் மட்டும் டெல்லிக்கு. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். நாலு மணிக்கே பேனல் சோர்ந்துபோகும். ஆபீஸ் இன்னும் விட்டிருக்காது. கடைத்தெருவில் விளக்குப் போடுவதும், லாட்ஜுகளில் ஏ.சி. ஓடத் தொடங்குவதும் அதற்குப் பிறகுதான். காலையில் ஐந்தரைக்கு நல்ல வெளிச்சம், ஊர் தூங்குகிறது. எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை என்று ஒப்பந்தம் போட்டால், விற்கிறவர் சூரியன் இருக்கும்போது தள்ளிவிட்டுப் போய்விடுவார். சாயங்காலம் ஏழு மணி யூனிட்டுக்கு அதிகம் தருவேன் என்று எழுதினால்தான் அவர் பாட்டரியைப் பெரிதாக வைப்பார்.

ஹவாயில் கவாயி என்றொரு தீவு. அங்கே மின்சாரம் கொடுப்பது தனியாரும் இல்லை, அரசும் இல்லை. நுகர்வோரே உறுப்பினர்களாக இருக்கும் கூட்டுறவுச் சங்கம். 2017-இல் டெஸ்லாவோடு சேர்ந்து 13 மெகாவாட் சோலார், 52 மெகாவாட் மணி பாட்டரி வைத்தார்கள். நாலு மணி நேரம் முழுசாகக் கொடுக்கும். ஒப்பந்தம் இருபது வருடம், யூனிட்டுக்கு 13.9 சென்ட், பகல் வெயிலை மாலை நேரத்துக்கு நகர்த்திக் கொடுப்பதற்கு. அன்றைய நம்மூர் ஏல விலையோடு ஒப்பிட்டால் இது அநியாய விலை. அவர்கள் ஒப்பிட்டது டீசலோடு. நாமும் அதோடுதான் ஒப்பிட வேண்டும். பட்லாவின் இரண்டரை ரூபாயை மனதில் வைத்துக்கொண்டு அந்தமான் டெண்டரைப் பார்க்கிற அதிகாரிக்கு எந்த விலையும் அதிகமாகத்தான் தெரியும். எல்லாச் சாமானும் கப்பலில் வருகிறது. தீவுகளில் பெரும் பகுதி காடு, அதைத் தொட முடியாது, அதனால் நிலமும் கிடையாது. கல்போங் அணைத் தண்ணீர் மேல் 4 மெகாவாட் மிதக்கும் பேனலுக்கு இந்திய சூரிய ஆற்றல் கழகம் டெண்டர் போட்டதே இந்த நில நெருக்கடியால்தான்.

இன்னொரு முறை, நிலையத்தை அரசே பணம் கொடுத்துக் கட்டிக்கொள்வது. கட்டித் தருகிறவர் காசை வாங்கிக்கொண்டு சில வருடம் பராமரித்துவிட்டுப் போவார். லட்சத்தீவின் கவரத்தியில் 2024 ஜனவரியில் பாட்டரியுடன் திறந்த நிலையம் தனியார் கம்பெனி கட்டித் தந்தது. யாழ்ப்பாணத்துக்கு வெளியே நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்தியா 1.1 கோடி டாலர் மானியம் தந்திருக்கிறது. சோலார், காற்றாடி, பாட்டரி, கடைசித் துணையாக டீசல் எல்லாம் கலந்த ஏற்பாடு. 2024 மார்ச்சில் ஒரு பெங்களூர்க் கம்பெனியோடு கையெழுத்தானது. ரொம்பச் சின்னத் தீவுகளுக்கு இதுதான் நடைமுறையில் வரும், தனியார் முதலீட்டுக்கு அங்கே லாபம் இல்லை. என் பயம் பராமரிப்பைப் பற்றியது. இங்கே உப்புக் காற்றில் சாதாரண இரும்பு நட்டு போல்ட் சீக்கிரமே துருப்பிடித்து உதிரும். கனெக்டருக்குள் பச்சை பூக்கும். மே மாதம் தொடங்கி வருடக் கடைசி வரை மழை. ஓர் அரசுக் கட்டடத்தின் மாடியில் ஒரு வரிசைப் பேனல் நல்ல நிலையில் இருக்கிறது, இன்வெர்ட்டர் மட்டும் செத்துக் கிடக்கிறது. பராமரிப்புக் காலம் முடிந்துவிட்டதாம். புது இன்வெர்ட்டருக்கு எந்தக் கணக்கில் பணம் எடுப்பது என்று ஃபைல் சுற்றிக்கொண்டிருக்கிறது. யூனிட்டுக்கு இவ்வளவு என்று பணம் வாங்குகிற கம்பெனியாக இருந்தால் மறு கப்பலில் இன்வெர்ட்டர் வந்திருக்கும், ஏனென்றால் ஓடாத நாளில் அதற்கு வருமானம் இல்லை.

வீட்டு மாடிகளுக்கு வருகிறேன். 2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு நாடு முழுக்க 78,000 ரூபாய் மானியம், அந்தமானுக்கு 85,800. நல்ல காரியம்தான். ஆனால் எங்கள் கப்பல் கூலியும் அலுமினிய ஸ்ட்ரக்சரும் அந்தக் கூடுதலை விழுங்கிவிடும். இன்னொன்றையும் வாடிக்கையாளருக்கு முதலிலேயே சொல்லிவிடுவேன்: பாட்டரி இல்லாத பேனல், கரண்டு போனால் தானும் அணைந்துவிடும். லைனில் வேலை செய்கிற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. இதைக் கேட்டதும் பாதிப் பேர் ஆர்வம் இழந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பேனல் என்றால் கரண்டு போகாத வீடு.

வேடிக்கை என்னவென்றால், பிரதான நிலத்து மின்வாரியங்கள் மாடி சோலாரைப் பார்த்துப் பயப்படுகின்றன. அதிக விலை கொடுக்கும் தொழிற்சாலைகளும் கடைகளும் கைவிட்டுப் போகுமே என்ற கவலை. தமிழ்நாட்டில் நெட்வொர்க் கட்டணம் கேட்டு நடந்த சண்டை அதனால்தான். இங்கே விற்கிற ஒவ்வொரு யூனிட்டிலும் துறைக்கு நஷ்டம். வாடிக்கையாளர் குறைந்தால் லாபம்! அப்படியிருக்க, பேனல் மாட்டச் சொல்லி வீட்டுக்காரரிடம் ஏன் கெஞ்ச வேண்டும்? துறையே மாட்டலாமே?

அதற்கு வழியும் இருக்கிறது. சூர்ய கர் திட்டத்தில் இரண்டு முறைகளை 2024 கடைசியில் சேர்த்தார்கள். ஒன்றில் தனியார் கம்பெனி உங்கள் மாடியில் தன் செலவில் பேனல் வைத்து யூனிட் கணக்கில் பணம் வாங்கும், சில வருடம் கழித்துப் பேனல் உங்களுடையது. இன்னொன்றில் மின்துறையே பல வீடுகளைச் சேர்த்து வைத்து ஒரே டெண்டராகப் போடும். முதலாவது இங்கே வீடுகளுக்கு ஓடாது. சில ரூபாய்க்குக் கரண்டு கிடைக்கிற வீட்டில் கம்பெனி என்ன விலைக்கு விற்கும்? இரண்டாவதுதான் என் ஓட்டு. துறை மாடியை வாடகைக்கு எடுக்கட்டும், பில்லில் மாதம் ஒரு தொகை கழித்துக்கொடுக்கட்டும். மிச்சமாகும் டீசலில் ஒரு சிறு பங்கைக் கொடுத்தாலே வீட்டுக்காரர் டீ குடித்துவிட்டு எழுந்து போக மாட்டார்.

டெண்டர் எழுதுகிறவர் கேட்டால் நான் சேர்க்கச் சொல்லும் வரிகள் சில. நட்டு போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உதிரி இன்வெர்ட்டர் போர்ட் பிளேயர் ஸ்டோரிலேயே இருக்க வேண்டும், சென்னையில் இருக்கிறது என்ற பேச்சு கூடாது. பராமரிப்பு ஒப்பந்தக் காலம் முழுக்க, பணம் ஓடிய யூனிட்டுக்கு மட்டும். பாட்டரியிலிருந்து மாலை ஐந்து முதல் இரவு பத்து வரை கொடுத்த யூனிட்டுக்குத் தனி விலை. வேலை தொடங்கும் தேதியை மார்ச்சில் வைக்கக் கூடாது. நிதியாண்டு முடிவதற்குள் என்று மார்ச்சில் ஆர்டர் கொடுத்தால், சாமான் ஹேடோ ஜெட்டியில் இறங்கும்போது மழை பிடித்துவிடும், அப்புறம் மழை விடும் வரை பேனல் குடோனில்தான். அக்டோபரில் ஆர்டர், டிசம்பரில் கப்பல், ஏப்ரலுக்குள் மாடியில்.