பாலத்திற்கு மார்க்குப் போடுவது

குஜராத்தில் மச்சு நதியின் மேல் இருந்த மோர்பி தொங்கு பாலம், ரிப்பேர் செய்து திறக்கப்பட்ட நான்கே தினங்களில், 2022 அக்டோபர் 30-ந் தேதி அறுந்து விழுந்து 130-க்கு மேற்பட்ட ஜனங்களைப் பலிகொண்டது. தளத்திற்குப் புதிய தகடு போட்டிருந்தார்கள். பாலத்தைத் தாங்கிய பழைய வடத்தையோ மாற்றவில்லை. அறுந்த வடத்தின் 49 கம்பிகளில் 22 ஏற்கெனவே துருவேறியிருந்தன என்று விசாரணைக் குழு பின்னர் கண்டது.

பாலங்களின் நிலைமையை நிர்ணயிக்க இஞ்சினீயர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். தளம், உத்தரம், தூண், அஸ்திவாரம் முதலிய ஒவ்வோர் அங்கத்தையும் பரிசோதித்து மார்க்குப் போட்டு, அந்தந்த அங்கத்தின் முக்கியத்துவத்திற்கேற்பப் பெருக்கிக் கூட்டுவது. எந்த அங்கம் எவ்வளவு முக்கியம் என்பதை, இரண்டிரண்டாக ஒப்பிட்டுத் தீர்மானிக்கும் வழியைத் தாமஸ் ஸாட்டி என்ற பேராசிரியர் 1970-க்குப் பின் வகுத்தளித்தார். எந்தப் பாலத்திற்கு முதலில் பணம் என்பதைச் சிபார்சு தீர்மானிக்கும் தேசத்தில், இம்முறையை நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம்.

ஆனால் கூட்டுத்தொகையை நம்பி உறங்கலாகாது. கைப்பிடிச் சுவரும் தளமும் வாங்கும் நல்ல மார்க்கு, இற்றுப்போன வடத்தின் மார்க்கை மூடி மறைத்துவிடும். பட்டியலிலேயே இல்லாத குற்றத்திற்கோ மார்க்கே கிடையாது. அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்துப் பெரும் பாலம் அப்படித்தான் வீழ்ந்தது. அந்நாட்டில் அப்போதிருந்த முறையில் கட்டுமான உறுதிக்கு 55, போக்குவரத்து வசதிக்கு 30, பொது ஜனத் தேவைக்கு 15 என்று நூறு மார்க்கு. மொத்தம் 50-க்குக் கீழ் இறங்கினால் அப்போது புதுப் பாலத்திற்குப் பணம் கேட்க முடிந்தது. மினியாபொலிஸ் பாலம் பெற்றது சரியாக 50! குறைபாடுள்ளது என்று முன்னரே குறிக்கப்பட்டிருந்தும், அது 2007 ஆகஸ்டு 1-ந் தேதி மாலை வரையில் வண்டிகளைச் சுமந்து நின்று, பின் இடிந்து 13 பேரைக் கொன்றது. இணைப்புத் தகடுகளை வேண்டிய கனத்தில் பாதியாக அமைத்துவிட்ட பிழை, 1967-ல் திறந்த நாள் முதல் எந்தப் பரிசோதகர் கண்ணிலும் படவில்லை.

ஆகவே சர்க்கார் செய்ய வேண்டியது இது: வடம், உத்தரம், தூண் போன்ற உயிர்நிலைகளில் ஒன்று தவறினாலும், மற்றவை எத்தனை மார்க்கு வாங்கினும், அன்றே பாலத்தை மூடவேண்டும். பழைய வரைபடங்களை மீண்டும் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். பரிசோதித்த தேதியையும், அங்கம் அங்கமாகக் கிடைத்த மார்க்கையும், பாலத்தின் இரு முனைகளிலும் ஜனங்கள் படிக்கும்படி தமிழில் எழுதி வைக்கவேண்டும்.