எதிர்காற்றில் ஏறும் வள்ளம்

தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தின் விசைப்படகுகளில் குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்தவர் பலர் தொழில் புரிவதை அறிவீர்கள். அவர்களுள் ஒருவர் எம் அண்டை வீட்டார். 2017 நவம்பர் இறுதியில் ஓகிப் புயல் வீசியபோது நடுக்கடலில் இருந்தவர். இயந்திரம் நின்றபின் தார்ப்பாயைக் கம்பில் கட்டிப் பார்த்தார்களாம். காற்று தள்ளிய மேற்குத் திசையிலேயே படகு சென்றதாம். கரையோ கிழக்கே! அவ்வாண்டு இலட்சத்தீவுகளில் ஒதுங்கிய படகுகள் பல. இதனைக் கேட்டிருந்த எம் மகன், “எதிர்காற்றில் பாய் ஓடவே ஓடாதா, அப்பா?” என்று வினவினான்.

ஓடும். பாக்கு நீரிணையில் நம்மவர் ஓட்டினர். எம் தாய்வழிப் பாட்டனார் தொண்டிக் கரையினர்; அவர் சொல்லக் கேட்டதும் பின்னர் யாம் படித்ததுமே இவை.

இராமேசுவரம், கச்சத்தீவு, நெடுந்தீவு இவற்றிடையே கடலின் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்கு உட்பட்டதே. ஆகவே வாடைக்காற்று வலுத்தவுடன் அலைகள் நெருங்கிச் செங்குத்தாக எழும். அதில் கோடியக்கரை நோக்கி வடக்கே ஏற வேண்டுமானால் காற்று முகத்தில் அறையும். நேர் எதிரே எப்படகும் செல்லாது. மலைப்பாதையில் வண்டி வளைந்து வளைந்து ஏறுதல் போல, இப்பக்கம் சாய்வாகச் சிறிது, திரும்பி அப்பக்கம் சாய்வாகச் சிறிது என ஏற வேண்டும். காற்றுக்கு 60 பாகைச் சாய்வில் செல்லும் ஓடம் 10 மைல் முன்னேற 20 மைல் ஓட வேண்டும். (சுற்றுவழிக் கணக்கு எம் இருப்புப்பாதைக்கு மட்டும் உரியதன்று போலும்!) பக்கவாட்டில் வழுவாதிருக்கக் கட்டுமரத்தார் பலகையொன்றை நீருள் செங்குத்தாக இறக்குவர்.

வள்ளத்தாரின் உபாயம் வேறு. படகின் குறுக்கே நீண்ட பலகையைக் காற்று வரும் பக்கமாக வெளியே நீட்டி, அதன்மேல் ஆட்கள் ஏறி அமர்வர். அவர்தம் உடற்பாரமே படகு கவிழாமல் காக்கும். சென்னை மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் வெளியிட்ட இந்தியப் படகு நூலில் இதனை விவரித்துள்ளார். இலங்கையில், பக்கத்தே மிதவைக்கட்டை பூட்டிய ஓடத்தார், வெளியே ஏறும் ஆட்களை எண்ணியே ‘ஓராள் காற்று’, ‘ஈராள் காற்று’ என்று அளந்தனர்.

இடர் திரும்பும் கணத்தில்தான். பாய் மறுபக்கம் மாறும்போது பலகையையும் உருவி மறுபக்கம் நீட்ட வேண்டும். அமர்ந்தோரும் பாய்ந்து மாற வேண்டும். ஒருவர் பிந்தினும் அனைவரும் நீரில். “அந்நேரம் தண்டையல் வாயைத் தவிர எதையும் பாராதே” என்பாராம் பாட்டனார்.

தொண்டிப் பக்கத்து ஊர்களில் பாய்மரப் படகுப் போட்டி இன்றும் நடைபெறுகிறது.

இவற்றை அண்டை வீட்டாரிடம் உரைத்தோம். விசைப்படகின் கனத்த உடல் தார்ப்பாய் கொண்டு எதிர்காற்றில் ஏறாது என்பதையும் மறையாது கூறினோம். சற்றே வாளாவிருந்தார்.

“ஏறாவிட்டால் போகட்டும், சார். சாய்த்துப் பிடித்திருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டோம் அல்லவா? படகில் பதினொரு பேர் இருந்தோம், ஒருவருக்கும் இது தெரியாது” என்றார். பின்னர், ஐஸ் ஏற்ற நேரமாயிற்று என்று துறைமுகம் நோக்கி நடந்தார்.