ஜீப்புக்கு ஸ்நார்க்கல் தேவையா?



கடந்த மழைக்காலம் முடிந்ததிலிருந்து உங்களில் அநேகர் ஒரே காரியத்தைக் குறித்து எழுதிக் கேட்டு வருகிறீர்கள். நம் மருத்துவமனையின் ஃபோர் வீல் ஜீப் மலையடிவாரக் கிராமங்களுக்கு முகாம் செல்லும்போது ஓடைகளையும் தரைப்பாலங்களையும் கடக்கவேண்டியிருக்கிறதே, அதற்கு ஒரு ஸ்நார்க்கல் பொருத்தினால் என்ன என்பதே அந்தக் கேள்வி. ஒரு சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் இன்னும் ஒருபடி மேலே போய், ஓராண்டு சேர்த்த பிடி அரிசிக் காணிக்கையை இதற்கென்றே குறித்து அனுப்பிவிட்டார்கள். ஒன்றுக்கென்று குறித்து அனுப்பப்பட்ட பணத்தை வேறொன்றுக்கு எடுக்க எங்களுக்கு உரிமையில்லை. ஆகவே வாங்குவதா வேண்டாமா, வேண்டாமென்றால் ஏன் என்று அவர்களுக்கும் உங்கள் எல்லோருக்கும் விளக்கிச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். இறையியல் கல்லூரியில் எனக்கு எபிரேயமும் கிரேக்கமும் கற்பித்தார்கள். எஞ்சினைப் பற்றி ஒருவரும் கற்பிக்கவில்லை. எனவே நம் ஓட்டுநரிடமும், தேனியில் நம் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்கிடமும் உட்கார்ந்து கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்நார்க்கல் என்பது வண்டியின் மூக்கை உயர்த்தி வைக்கும் குழாய். நீர்மூழ்கிக் கப்பல் தண்ணீருக்குள் இருந்தபடியே டீசல் எஞ்சினை ஓட்டுவதற்காக 1930களில் டச்சுக் கடற்படையினர் உருவாக்கி, பின்பு இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் கையாண்ட ஏற்பாட்டிலிருந்துதான் இந்தப் பெயரே வந்தது. சாதாரண ஜீப்பில் எஞ்சினுக்குப் போகும் காற்று பானெட்டுக்கு உள்ளேயோ மட்கார்டுக்குப் பக்கத்திலேயோ உறிஞ்சப்படுகிறது. ஸ்நார்க்கல் பொருத்தினால் அந்த வாய் முன்கண்ணாடியின் ஓரமாக ஏறிக் கூரை மட்டத்துக்குப் போய்விடும்.

காற்றோடு தண்ணீர் சேர்ந்து போனால் என்ன ஆகும்? இரண்டு லிட்டர் டீசல் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் அரை லிட்டர். பிஸ்டன் மேலே ஏறும்போது அத்தனை காற்றையும் ஏறக்குறைய 30 மில்லி இடத்துக்குள் நெருக்குகிறது. இருமல் மருந்து மூடியில் அளந்தால் மூன்று மூடி, அவ்வளவே. காற்று நெருங்கிக் கொடுக்கும். தண்ணீர் நெருங்கிக் கொடுக்காது. மூன்று மூடிக்குமேல் தண்ணீர் அங்கே புகுந்துவிட்டால் பிஸ்டன் மேலே வர இடமில்லை. ஆனால் அதைத் தள்ளும் கனெக்டிங் ராடு தள்ளுவதை நிறுத்தாது. வளைந்துபோகும், சில வேளைகளில் எஞ்சினை உடைத்துக்கொண்டும் வெளியே வரும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் நின்றுபோன கார்களில் பல, தண்ணீர் வடிந்தபின் உரிமையாளர் அவசரப்பட்டு செல்ஃப் அடித்ததாலேயே கெட்டுப்போயின. அப்படிக் கெடும் எஞ்சினுக்குச் சாதாரண இன்சூரன்ஸ் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. தனியாக எஞ்சின் பாதுகாப்பு எடுத்திருக்கவேண்டும்.

இந்த ஆபத்துக்கு ஸ்நார்க்கல் மெய்யாகவே மருந்துதான், குழாயின் ஒவ்வொரு இணைப்பும் காற்றுப் புகாதபடி அடைபட்டிருந்தால். ஏர் ஃபில்டர் டப்பாவின் அடியில் இருக்கும் வடிகால் துளை ஒன்று திறந்திருந்தாலும் போதும், எல்லாம் வீண்.

ஆனால் நம் மெக்கானிக் கேட்ட கேள்வி வேறு. "ஐயா, மூக்க மட்டும் தூக்கி வச்சா ஆளு நீந்திருவானா?"

அவர் சொன்னதன் பொருள் இதுதான். 2020இல் வந்த மகிந்திரா தார் வண்டிக்கு ஸ்நார்க்கல் கிடையாது. 650 மில்லிமீட்டர் தண்ணீர்வரை போகலாம் என்று தயாரித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 2021இல் வந்த ஃபோர்ஸ் கூர்க்காவுக்குத் தொழிற்சாலையிலேயே ஸ்நார்க்கல் பொருத்தித் தந்தார்கள். அதற்குச் சொல்லப்பட்ட ஆழம் 700 மில்லிமீட்டர். கூரைவரை மூக்கு உயர்ந்திருந்தும் இரண்டு அங்குலந்தான் வித்தியாசம்! ஏனென்றால் தண்ணீருக்கு அஞ்சவேண்டிய இடம் மூக்கு மாத்திரமல்ல. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியவுடன் அதனுள் இருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியாகவும் ஆயில் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சுகிறது. அடுத்த வாரம் திறந்து பார்த்தால் ஆயில் பால்போல் வெளுத்திருக்கும். ரேடியேட்டர் ஃபேன் தண்ணீரை அடித்தால் இதழ்கள் வளைந்து ரேடியேட்டரையே கிழிக்கக்கூடும். புதிய வண்டிகளிலோ வயர்களும் சென்சார்களும் அடிவரை இறங்கியிருக்கின்றன.

இவையெல்லாம் வண்டிக்கு வரும் சேதம். ஆட்களுக்கு வரும் சேதம் மிதப்பதினால் வருகிறது. ஜீப்பின் அடித்தளம் ஆறு சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தளத்துக்குமேல் ஓரடி தண்ணீர் ஏறினால், அது உள்ளே புகுவதற்கு முன், ஏறக்குறைய 1,800 கிலோ எடையைத் தூக்கிப்பிடிக்கும். ஜீப்பின் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது சக்கரம் தரையில் இருப்பதுபோல் தெரியும், ஆனால் தரையை அழுத்தாது. நான்கு சக்கரமும் சுழன்றாலும் பிடிமானம் இருக்காது. ஓடுகிற தண்ணீரானால் இன்னும் மோசம்: வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். இரண்டடி ஆழத்தில் ஓடும் வெள்ளம் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டுபோகும் என்று அமெரிக்க வானிலைத் துறையினர் வாகன ஓட்டிகளை எச்சரிப்பதும் இதனாலேயே. அந்நேரம் ஸ்நார்க்கல் இருந்தால் எஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். வண்டி ஆற்றோடு போய்க்கொண்டிருக்கும்.

நம் பள்ளத்தாக்கின் தண்ணீர் எப்படிப்பட்டது என்று தூரத்தில் இருக்கும் பங்காளர்கள் அறிந்துகொள்வது நல்லது. முல்லைப் பெரியாற்றின்மேல் பாலங்கள் இருக்கின்றன, அதைப்பற்றிக் கவலையில்லை. நமக்குக் கவலையெல்லாம் காட்டாறுகள்தான். வருசநாட்டுப் பக்கம் மூல வைகை வருஷத்தில் அநேக மாதங்கள் மணலாகக் கிடக்கும். போடிப் பக்கம் கொட்டகுடி ஆறும், பெரியகுளத்துப் பக்கம் மலையிலிருந்து இறங்கும் ஓடைகளும் அப்படியே சாதுவாகத் தோன்றும். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே கொடைக்கானல் மலையில் பெய்த மழையினால் கும்பக்கரை அருவியில் திடீரென்று வெள்ளம் வந்து, வனத்துறையினர் ஜனங்களை வெளியேற்றுவதை நாளிதழ்களில் நீங்களும் வாசித்திருப்பீர்கள். ஓடைகளிலும் அதே கதைதான். செந்நிறத் தண்ணீர், உருண்டு வரும் பாறை, வேரோடு வரும் மரம். தரைப்பாலத்தின் கான்கிரீட் அடியில் இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்பது மேலே நிற்கிறவருக்குத் தெரியாது. நின்ற தண்ணீரின் ஆழத்துக்கே ஸ்நார்க்கல் உதவும். நம் ஓடைகளில் ஆபத்து ஆழத்தைவிட வேகத்திலேதான் இருக்கிறது.

ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக அதிகாலையில் மலையேறும் ஜீப்புகள் எத்தனையோ. அவற்றில் ஸ்நார்க்கல் வைத்த ஒன்றைத் தேடித்தான் பார்க்கவேண்டும். ஒரு நன்மையை மாத்திரம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: உயரத்தில் இருந்து உறிஞ்சும் காற்றில் புழுதி குறைவு, ஏர் ஃபில்டர் கூடுதல் நாள் உழைக்கும். ஆஸ்திரேலியப் பாலைவனங்களில் அநேகர் இதற்காகவே பொருத்துகிறார்கள். நமக்கோ ஃபில்டரை அடிக்கடி தட்டிச் சுத்தம்பண்ண ஒரு தம்பி இருக்கிறார்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. தயாரித்தவர் கொடுத்த மூல அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாதென்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ உண்டு. கூர்க்காவைப்போலத் தொழிற்சாலையிலிருந்தே வருவது வேறு. நாமாக மட்கார்டில் ஓட்டை போட்டுப் பொருத்துவது வேறு. நோயாளிகளை ஏற்றும் வண்டியில் இன்சூரன்ஸ்காரர் மறுப்புச் சொல்ல ஒரு காரணத்தை நாமே உண்டாக்கிக் கொடுக்கலாகாது.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்கவைத்தது ஓட்டுநர் சொன்ன ஒரு வார்த்தை. ஸ்நார்க்கல் இல்லாத வண்டியில் "முடியாது டாக்டரம்மா" என்று அவர் சொன்னால் எல்லோரும் கேட்டுக்கொள்கிறார்களாம். அது இருந்தால், "அதுதான் குழாய் மாட்டியிருக்கிறதே, போங்கள்" என்பார்களாம். இருட்டில், பின்னால் ஒரு தாய் வலியில் கதறும்போது, அந்தக் குழாய் அவருக்குச் சகாயமாக இராது, நெருக்கமாகத்தான் இருக்கும்.

ஆகையால் வேண்டாம் என்று நிர்வாகக் குழு தீர்மானித்தது. பதிலாக, டிஃபரன்ஷியலுக்கும் கியர் பாக்ஸுக்கும் உள்ள மூச்சுக்குழாய்களை ரப்பர் ஹோஸ் மூலம் பானெட்டுக்குள் உயர்த்தச் சொல்லியிருக்கிறோம், சிறிய வேலைதான். ஓடும் தண்ணீர் அரையடிக்குமேல் இருந்தாலோ, அடியில் தரை தெரியாவிட்டாலோ ஜீப் இறங்காது. அதில் ஓட்டுநர் சொல்லே முடிவு. மருத்துவரும் மாற்றமுடியாது, போதகரும் மாற்றமுடியாது.

அப்படியானால் அக்கரையில் இருக்கிறவர்கள்? இதுதான் மெய்யான கேள்வி. பெரியகுளத்துக்கு மேலே சின்னூர், பெரியூர் மக்கள் நோயாளிகளை டோலி கட்டிச் சுமந்து கல்லாற்றைக் கடந்ததை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். பாம்புக்கடி முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அதற்கு இன்னமும் இக்கரையில் ஜீப் காத்திருப்பதும், அக்கரையிலிருந்து ஆட்கள் சுமந்துவருவதும், வெள்ளம் வடியப் பார்த்திருப்பதுமே வழி. ஆனால் பிரசவத்துக்குத் தேதி உண்டு. எத்தியோப்பியாவில் அத்தாத் என்ற ஊரின் மிஷன் மருத்துவமனையில், தொலைவிலுள்ள தாய்மார்கள் நாள் நெருங்குமுன்னே வந்து தங்குவதற்கு 1976இலேயே ஒரு இல்லம் தொடங்கினார்கள். அவ்விதமாக நாமும் அக்டோபர் முதல் டிசம்பர்வரை, ஓடைக்கு அப்பாலுள்ள ஊர்களின் கர்ப்பிணிகளுக்காக இரண்டு கட்டில்களை ஒதுக்க விரும்புகிறோம். கூட வருகிற அம்மாவோ மாமியாரோ சமைத்துக்கொள்ள ஒரு அடுப்பும் பாத்திரங்களும், கொசுவலைகளும் வேண்டும். வீட்டில் விட்டுவந்த மூத்த பிள்ளையைப் பற்றிய கவலையிலேயே பலர் திரும்பிப்போய்விடுவார்கள் என்று செவிலியர் சொல்வதால், சின்னப் பிள்ளைகளும் படுக்க இரண்டு பாய்கள்.

பிடி அரிசிக் காணிக்கையை இதற்கு மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டுப் பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கு எழுதியிருக்கிறோம். அவர்களுக்குச் சம்மதமில்லையென்றால் பணம் முழுவதும் திருப்பி அனுப்பப்படும். எப்படியானாலும் அக்டோபர் முதல் வாரத்துக்குள் கட்டில்கள் ஆயத்தமாக இருக்கவேண்டும். மூன்று தாய்மார்களின் பெயர்கள் இப்போதே செவிலியரின் நோட்டில் இருக்கின்றன.