நின்று கேட்கும் சங்கீதம்

ஆடி மாதம் பிறக்கும் தறுவாயில் இலண்டன் மாநகரின் தென் கென்சிங்ரன் பகுதியிலே ஆண்டுதோறும் ஒரு வரிசை முளைக்கின்றது. நீள்வட்ட வடிவமாய், செங்கல்லாற் கட்டப்பெற்று, கண்ணாடிக் கூரை வேய்ந்த றோயல் அல்பேட் மண்டபத்தைச் சுற்றிப் பள்ளி மாணவரும், ஓய்வுபெற்ற ஆசிரியரும், முதுகிற் பை சுமந்த வெளிநாட்டு வழிப்போக்கரும் காத்து நிற்பர். அவர்கள் வேண்டுவது உட்காரும் ஆசனமன்று. நிற்பதற்கு ஓரிடம் கிடைத்தாற் போதும். மண்டபத்தின் நடுக்களத்திலே, வாத்தியக்காரருக்கு மிக அருகில், இரண்டு மணி நேரம் கால் கடுக்க நின்று சங்கீதம் கேட்கும் உரிமையையே அவர்கள் வாங்குகின்றனர். 2024ஆம் ஆண்டிலே அதற்கு விலை 8 பவுண்.

இதுவே ‘புறொம்ஸ்’ எனப்படும் இசைவிழா. உலாவிக்கொண்டே கேட்கும் கச்சேரி என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் குறுக்கமே இப்பெயர். ஆவணி முடியும்வரை ஏறத்தாழ எட்டு வாரங்கள், எழுபதுக்கு மேற்பட்ட கச்சேரிகள். கோயிற் திருவிழாக்களில் மேளக்கச்சேரியை விடிய விடிய மணலில் நின்று கேட்டுப் பழகிய எம்மவர்க்கு நின்று கேட்பது புதுமையன்று. ஆனால் இவ்விழாவின் மேடையிலே ஏறுகின்ற வித்துவான்களின் வகையைப் பார்க்கும்போது எவருக்கும் சற்றுத் தலை சுற்றவே செய்யும். முந்நூறு நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ‘பறோக்’ காலத்து இசையை அக்காலத்து வாத்தியங்களிலேயே வாசிப்பவர் ஒரு நாள். மின்சாரத்தினால் ஒலியைப் பிறப்பித்து அதனை வளைத்தும் முறுக்கியும் காட்டுபவர் மறுநாள். இவ்விரண்டும் எவ்வாறு ஒரே கூரையின் கீழ் வந்தன?

கதை 1895ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. அவ்வாண்டு ஓகஸ்ட் 10ஆந் திகதி, இலண்டன் குவீன்ஸ் மண்டபத்தில் முதற் கச்சேரி நடைபெற்றது. அம்மண்டபத்தின் நிருவாகியாகிய ரொபேட் நியூமன் என்பார், பாமர மக்களைப் படிப்படியாக நல்ல சங்கீதத்துக்குப் பழக்க வேண்டும் என்று விரும்பினார். அதற்காக அவர் தேர்ந்தெடுத்த இசை நடத்துநர், இருபத்தாறு வயது இளைஞராகிய ஹென்றி வூட். நின்று கேட்போருக்கு ஒரு சிலிங். உண்ணலாம், குடிக்கலாம், புகைபிடிக்கலாம். பாடகர் பாடும்போது மாத்திரம் தீக்குச்சி உரசாதிருக்குமாறு வேண்டிக்கொள்ளப்பட்டது! முற்பாதியிலே கனமான உருப்படிகள், பிற்பாதியிலே சில்லறைப் பாட்டுக்கள். குழந்தைக்குக் கசப்பு மருந்தைத் தேனிற் குழைத்துக் கொடுக்கும் உபாயந்தான்.

பணத்துக்கு என்ன வழி? இங்கேதான் டொக்டர் ஜோர்ஜ் கத்கார்ட் என்னும் தொண்டை வைத்திய நிபுணர் வருகின்றார். பாடகர்கள் பலர் குரல் கெட்டு அவரிடம் வந்தவண்ணமிருந்தனர். அக்காலத்து இங்கிலாந்தில் வாத்தியங்களின் சுருதி மிக உயர்ந்திருந்ததே அதற்குக் காரணம் என்பது அவரது துணிபு. தாம் பணம் தருவதாயின் இரண்டு நிபந்தனைகள் என்றார்: நடத்துநர் வூட் ஆகவே இருத்தல் வேண்டும், சுருதியை ஐரோப்பாவில் வழங்கும் அளவுக்குத் தாழ்த்துதல் வேண்டும். ஊதுவாத்தியக்காரர்கள் முகஞ் சுளித்தனர். சுருதி தாழ்ந்தால் அவர்கள் வேறு வாத்தியமன்றோ வாங்க வேண்டும்! கத்கார்ட் அவற்றையும் தாமே வாங்கிக் கொடுத்தார் என்பர். ஒரு வைத்தியர் நோயாளிகளின் தொண்டையைக் காப்பதற்காக ஒரு தேசத்தின் சுருதியையே மாற்ற முனைந்த இந்தச் செய்தி, சங்கீத சரித்திரத்தில் எமக்கு மிகவும் பிடித்தமானவற்றுள் ஒன்று.

1927இல் விழாவைப் பி. பி. சி. பொறுப்பேற்றது. வானொலி வாயிலாக அது வீடு வீடாகச் சென்றது. 1941 மே மாதம் 10ஆந் திகதி பிற்பகலில், குவீன்ஸ் மண்டபத்திலே எல்காரின் பெரும் பாடற்கோவையொன்று இசைக்கப்பட்டது. அன்றிரவே ஜேர்மனியக் குண்டுகள் அம்மண்டபத்தை எரித்தன. வாத்தியங்கள் பல சாம்பராயின. பொதுமக்கள் தம் வீட்டிலிருந்த வயலின்களையும் ஊதுகுழல்களையும் கொண்டுவந்து கொடுத்தனர். அக்கோடையிலேயே விழா அல்பேட் மண்டபத்துக்குக் குடிபெயர்ந்தது. இடிபாடுகளிடையே தப்பிய ஹென்றி வூட்டின் மார்பளவுச் சிலை இன்றும் ஆண்டுதோறும் விழாக்காலத்தில் மேடைக்குப் பின்னால், ஓர்கன் வாத்தியத்தின் முன் வைக்கப்படுகின்றது. வூட் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இவ்விழாவை நடத்தி, 1944இல் காலமானார்.

அல்பேட் மண்டபமோ 1871இல் திறக்கப்பட்ட பேருருவம். ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் கொள்ளும் அதன் குவிந்த கூரையில் ஒலி மோதித் திரும்புவது நெடுங்காலம் பெருங்குறையாக இருந்தது. ஆங்கிலேயர் ஒருவர் இயற்றிய உருப்படி இரண்டாந் தடவை கேட்கப்படுவதற்கு ஒரே வழி, அதனை இம்மண்டபத்தில் வாசிப்பதுதான் என்று கேலி பேசினர். 1969இல் கூரையிலிருந்து காளான் போன்ற வட்டத் தட்டுக்களைத் தொங்கவிட்ட பின்னரே எதிரொலி அடங்கிற்று. எனினும் பறோக் இசைக்கு இது பொருந்தாத இடம் என்று சொல்வோர் இன்றும் உளர். அவர்கள் சொல்வதிலே நியாயமும் உண்டு. அவ்விசை அரண்மனைக் கூடங்களுக்கும் தேவாலயங்களுக்கும் என இயற்றப்பட்டது. அதன் வயலின்களில் உலோகத் தந்திக்குப் பதிலாக ஆட்டுக்குடலிலே முறுக்கிய நரம்புகள் பூட்டப்படும். சுருதியோ இன்றைய மேனாட்டுச் சுருதியிலும் ஒரு சுரத்தானம் தாழ்ந்தது. இன்றைய வாத்தியக்குழு செக்கனுக்கு 440 அதிர்வுகளாக வைக்கும் சுரத்தை இவர்கள் 415 அளவில் வைப்பர். நாதம் மென்மையாகவும், சற்றே கரகரப்பாகவும் இருக்கும். டொக்டர் கத்கார்ட் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

ஆயினும் அம்மென்மை இம்மண்டபத்தில் வென்ற நாட்கள் உண்டு. 1968இல் ஜோன் எலியட் கார்டினர் என்னும் இருபத்தைந்து வயது நடத்துநர், 1610இல் அச்சேறிய மொன்ரவேர்டியின் மாலை வழிபாட்டு இசையை இங்கே அரங்கேற்றினார். 2015 செப்டெம்பரில் யோ-யோ மா என்னும் செலோ வித்துவான், பாக் இயற்றிய தனிச்செலோ உருப்படிகள் ஆறினையும் ஒரே இரவில் வாசித்து முடித்தார். பக்கவாத்தியம் இல்லை. ஒரு நாற்காலி, ஒரு மனிதர், ஒரு வாத்தியம்; சுற்றிலும் ஆயிரக்கணக்கானோர். இரண்டரை மணி நேர அளவு நீண்ட அக்கச்சேரியை நடுக்களத்தார் நின்றபடியே கேட்டனர்.

இந்நடுக்களத்தாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இவர்கள் வெறும் சபையோர் அல்லர். பியானோவின் மூடியைத் தூக்கும்போது கீழே நிற்போர் பாரந் தூக்குவோர்போல் ஒரு குரல் எழுப்ப, மேல்மாடத்தில் நிற்போர் மறுகுரல் கொடுப்பர். வாத்தியங்களைச் சுருதி சேர்ப்பதற்காக முதல் வயலின்காரர் பியானோவில் ஒரு சுரத்தைத் தட்டினால், அதற்கும் பலத்த கரகோஷம்! கச்சேரி தொடங்கிவிட்டாலோ அந்தக் கூட்டத்தில் ஓர் இருமலும் எழுவதரிது.

இனி மின்னிசைக்கு வருவோம். 1960 முதல் விழாவின் திட்டங்களை வகுத்த வில்லியம் குளொக், பழையதிற் பழையதையும் புதியதிற் புதியதையும் ஒரே பருவத்தில் வைக்கத் துணிந்தவர். அவர் காலத்திலேயே, 1970இல், ‘சொவ்ற் மெஷின்’ என்னும் றொக் இசைக்குழு பின்னிரவுக் கச்சேரியொன்றில் இம்மேடை ஏறியது. அன்று அக்குழுவின் மேளக்காரர் ரொபேட் வையற் சிகரெட் புகைப்பதற்குப் பின்வாயிலால் வெளியே போயிருக்கிறார். திரும்பி வந்தபோது வாயிற்காவலர் உள்ளே விடவில்லை. தாம் உள்ளே வாசிக்க வேண்டியவர் என்று இவர் சொல்ல, இங்கே ஒழுங்கான சங்கீதம் மாத்திரமே நடக்கும் என்று காவலர் பதில் சொன்னாராம். அந்தக் காவலரின் கட்சியைச் சேர்ந்தோர் இன்றும் குறைவல்லர். 2015இல் பீற் ரொங் என்னும் வானொலி அறிவிப்பாளர் தலைமையில் இபீசாத் தீவின் நடனக்கூட இசையைப் பெரிய வாத்தியக்குழுவினர் வாசித்தபோது, களம் முழுவதும் ஆடியது. சம்பிரதாயவாதிகள் தலையில் அடித்துக்கொண்டனர். எமக்கும் அதிற் பெரிய ஈடுபாடில்லை. தாளம் ஒன்றே இரவு முழுவதும் இடித்தாற் செவி களைத்துவிடுகின்றது. ஆனால் வெறும் ஆரவாரத்தோடு மின்னிசையைச் சேர்த்துத் தள்ளிவிடவும் எம்மால் இயலாது. அதற்குக் காரணம் டப்னி ஓராம் என்னும் பெண்மணி.

1925இல் பிறந்த ஓராம், இசைக்கல்லூரியிற் கிடைத்த இடத்தை வேண்டாமென்று தள்ளி, யுத்த காலத்தில் பதின்ம வயதிலேயே பி. பி. சி.யிற் சேர்ந்தார். அங்கே அவருக்கு விசித்திரமான வேலையொன்று வாய்த்தது. நேரடிக் கச்சேரி ஒலிபரப்பாகும்போது, அதே உருப்படியின் இசைத்தட்டை அதே இடத்திற் பொருத்திச் சுழலவிட்டபடி காத்திருத்தல் வேண்டும். குண்டுவீச்சினாற் கச்சேரி தடைப்பட்டால், கேட்போர் அறியாவண்ணம் தட்டின் இசைக்கு மாற்றிவிடலாம். வாத்தியக்குழு ஒருபுறம், சுழலும் தட்டு மறுபுறம்; இரண்டையும் ஒருங்கே செவியில் வாங்கியபடி அவ்விளம்பெண் இருந்தாள். இரண்டையும் சேர்த்தே ஒலிக்கவிட்டால் என்ன என்ற எண்ணம் அவளுக்கு அங்கேதான் உதித்திருக்கும் என்பது எமது ஊகம்.

யுத்தம் முடிந்தபின், 1948 – 49 காலப்பகுதியில், ‘அசையாப் புள்ளி’ எனப் பொருள்படும் பெயருடன் ஓர் உருப்படியை ஓராம் எழுதினார். இரண்டு வாத்தியக்குழுக்கள், ஐந்து ஒலிவாங்கிகள், நிமிடத்துக்கு 78 முறை சுழலும் மூன்று இசைத்தட்டுப் பொறிகள். ஒரு குழுவைச் சுற்றித் தடுப்புகள் வைத்து அதன் நாதத்தை வறளச் செய்யவேண்டும். மற்றையது எதிரொலியோடு விரிந்து கேட்கவேண்டும். முற்கூட்டியே தட்டிற் பதிந்த இசையைப் பொறிக்காரர் மேடையிலேயே மாற்றி மாற்றி இழைக்கவேண்டும். நாடாப் பதிவுகூடப் பரவாத காலத்தில், இருபத்துமூன்று வயதுப் பெண்ணொருத்தி எழுதியது இது. பி. பி. சி. அதனை ஏற்கவில்லை. ஒரு சுரமேனும் ஒலிக்காமல் ஏடு பெட்டிக்குள் போயிற்று.

அவர் சோர்ந்துவிடவில்லை. அலுவலகம் அடங்கிய பின்னர், வெவ்வேறு அறைகளிலிருந்த நாடாப் பதிவுப் பொறிகளை ஓரிடத்துக்கு உருட்டிவந்து இரவிரவாகப் பரிசோதனை செய்து, விடியுமுன் இருந்த இடங்களிலேயே கொண்டுபோய் வைப்பாராம். 1958இல் பி. பி. சி.யின் புகழ்பெற்ற ஒலிப் பட்டறையை நிறுவியோருள் ஒருவரானார். அங்கும் நாடகங்களுக்குப் பின்னணிச் சத்தம் உண்டாக்குவதே பெருவேலையாயிற்று. சங்கீதப் பகுதியினர் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டே விலகி, கென்ற் மாகாணத்தில் ஒரு பழைய கட்டடத்தில் தமக்கெனக் கலையகம் அமைத்தார். 35 மில்லிமீற்றர் படச்சுருளிற் கோடுகள் வரைந்து, அவற்றின் நிழலை ஒளியுணர் கருவிகள் வாயிலாக ஒலியாக்கும் ஒரு பொறியை அங்கே படைத்தார். கையெழுத்துப் போல இசையை வரையலாம்! அப்பொறி பின்னாளில் இலண்டன் விஞ்ஞான நூதனசாலையிற் காட்சிக்கு வைக்கப்பட்டது. ஓராம் 2003இல் காலமானார். அந்த ஏடு அப்பொழுதும் ஒலிக்காமலே கிடந்தது.

பின்வந்த இளைய தலைமுறையைச் சேர்ந்த சிவா பெஷரக்கி என்னும் இசையாக்குநரும் ஜேம்ஸ் புளி என்பவரும் அவ்வேட்டை ஆராய்ந்து உயிர்ப்பித்தனர். 2018 யூலை 23ஆந் திகதி, பின்னிரவுக் கச்சேரியொன்றிலே, மின்னிசையின் முன்னோடிப் பெண்களுக்கென வகுத்த நிகழ்ச்சியில், இலண்டன் சமகால வாத்தியக்குழுவினர் அதனை அல்பேட் மண்டபத்தில் வாசித்தனர். இசைத்தட்டுப் பொறிகளின் முன் பெஷரக்கி நின்றார்.

இலண்டனிற் பின்னிரவு என்றால் எமக்கு அதிகாலை மூன்று மணி சொச்சம். மாலைக் கச்சேரிகள் ஏழரைக்கு என்றால் எமது கடிகாரத்திற் சரியாக நள்ளிரவு. ஆகவே இவ்விழாவைக் கேட்கும் இலங்கை இரசிகர் நித்திரையைக் காணிக்கையாகக் கொடுத்தேயாக வேண்டும். 2011இல் அருணா சாயிராம் அம்மையார் அம்மேடையிற் கர்நாடக சங்கீதம் பாடியபோதும், இலண்டன் வாழ் தமிழ் வீணைக் கலைஞர் ஹரி சிவனேசன் உடனிருந்து வாசித்தபோதும் இதே கதைதான்.

அன்றும் நாம் விழித்திருந்தோம். முதலில் வயலின்கள் மிகத் தாழ்ந்த குரலில் எழுந்தன. பின்னர் எங்கிருந்தோ அதே வயலின்களின் நிழல் போன்ற ஓர் ஒலி, சற்றுத் தேய்ந்து, சற்றுக் கரகரத்து, தட்டின் சுழற்சியோடு வந்து அவற்றைத் தழுவிக்கொண்டது. எது உயிருள்ள வில், எது பதிந்த ஒலி என்று பிரித்தறிய முயன்று, சிறிது நேரத்தில் அம்முயற்சியைக் கைவிட்டோம். எதிரொலிக்குப் பேர்போன அந்த மண்டபமே மூன்றாவதொரு வாத்தியமாகிவிட்டது போலிருந்தது. முடிந்தபின் ஒரு கணம் அமைதி. அதன்பின் களத்தில் நின்றவர்களின் கரகோஷம் நெடுநேரம் ஓயவில்லை.

நாம் செவியிலிருந்த கருவியைக் கழற்றியபோது மணி நான்கு. அடுத்த வளவில் முதற்சேவல் கூவிற்று. அடுக்களையில் விளக்கேற்றிய வீட்டார், இரவிரவாக அப்படி என்னதான் கேட்டீர்கள் என்று வினவினர். அறுபத்தொன்பது வருடம் பழைய ஒரு புதுப்பாட்டு என்றோம்.