ஈழத்துத் தேனீக்களின் மொழி

தினைப்புனம் காத்த வள்ளியம்மை, கிழவேடம் பூண்டு வந்த முருகப் பெருமானுக்குத் தேனும் தினைமாவும் அளித்தாள் என்பது ஈழத்துச் சைவ மக்கள் வழிவழியாகக் கேட்டு வரும் கதை. முருகன் கோயிலின் அபிடேகப் பொருள்களுள் தேனும் ஒன்றாக இடம்பெறுகின்றது. தேனின் சுவையை அறிந்த தமிழர் அதனைத் தேடித் தரும் சிற்றுயிரையும் உற்று நோக்கியே வாழ்ந்தனர். வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு எனப் பல பெயர்களை அவர்கள் வழங்கினர். தேன் என்னும் சொல்லே வண்டின் வகையொன்றுக்கும் பெயராயிற்று. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் தலைவன் ஒரு தும்பியை விளித்து, தலைவியின் கூந்தலினும் மணமிக்க பூவை நீ அறிந்ததுண்டோ என்று வினவுகின்றான். அத்தும்பி விடை பகர்ந்ததாகப் பாட்டில் இல்லை.

ஆயினும், பூ எங்கேயுள்ளது என்னும் வினாவுக்குத் தேனீ நாள்தோறும் விடை கூறிக்கொண்டே இருக்கின்றது. கேட்பார் மனிதரல்லர், அதன் கூட்டினரே. அவ்விடை கூறும் முறை எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதை ஆராய்வதற்கு நம் ஈழநாடே களமாக அமைந்தது என்பது பலரும் அறியாத செய்தி.

இலங்கையில் தேன் சேர்க்கும் ஈக்கள் நான்கு வகையின. முதலாவது மலைத்தேனீ, சிங்கள மக்கள் இதனைப் பம்பரா என்பர். உயர்ந்த மரக்கிளைகளிலும் பாறை விளிம்புகளிலும், இக்காலத்தில் மாடிக் கட்டடங்களிலும், ஒரே பெரிய வதையைத் திறந்த வெளியில் தொங்கவிடும். அவ்வதை சில வேளைகளில் ஒரு மீற்றர் அகலமும் இருக்கும். இரண்டாவது கொம்புத்தேனீ. இது உருவிற் சிறியது. செடியின் சிறு கொம்பைச் சுற்றி உள்ளங்கையளவான ஒற்றை வதை கட்டும். மூன்றாவது பொந்துத்தேனீ. மரப்பொந்து, புற்று, சுவர்க்குழி போன்ற இருண்ட இடங்களில் ஒன்றுக்கொன்று ஒப்பாகப் பல வதைகளைக் கட்டும் இதனையே மக்கள் பெட்டிகளில் வளர்க்கின்றனர். நான்காவது கொசுத்தேனீ. பழைய சுவர்களின் வெடிப்புகளில் மெழுகும் பிசினும் கலந்து சிறு குடங்கள் செய்து அவற்றில் தேனை வைக்கும். இதற்குக் கொடுக்கினாற் கொட்டும் ஆற்றல் இல்லை.

தேனீக் குடியின் அமைப்பைப் பற்றி முற்காலத்தார் கொண்டிருந்த எண்ணங்கள் பல பிழையானவை. குடியின் நடுவிலிருக்கும் பெரிய ஈயைக் கிரேக்க அறிஞர் அரிஸ்தோத்தில் அரசன் எனக் குறித்தார். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தரான சுவாமர்தாம் அதனைக் கீறி நுணுக்குக்காட்டியாற் பார்த்து, உள்ளே சூலகம் இருப்பதைக் கண்டார். அரசன் எனப்பட்டவர் உண்மையில் அனைவருக்கும் தாய் என்பது அதனாற் புலனாயிற்று. 1845இல் சைலீசியா நாட்டுக் குருவானவரான சியெர்சோன் இன்னும் வியப்பான கருத்தொன்றை வெளியிட்டார். ஆண் தேனீ, கருக்கட்டாத முட்டையிலிருந்து பிறக்கின்றது என்பதே அது. அஃதாவது ஆண் தேனீக்குத் தந்தை இல்லை. ஆனாற் பாட்டன் உண்டு. ஓர் ஆண் தேனீயின் முன்னோரைத் தலைமுறை தலைமுறையாக எண்ணினால், பெற்றோர் ஒன்று, அதற்கு முன் இரண்டு, அதற்கு முன் மூன்று, பின்னர் ஐந்து, எட்டு என வரும். ஒவ்வோர் எண்ணும் தனக்கு முன்னுள்ள இரண்டின் கூட்டுத்தொகையாதலைக் கணித மாணவர் நோக்குவாராக.

வேலைத்தேனீக்கள் யாவும் பெண்கள். இராணித்தேனீயும் வேலைத்தேனீயும் ஒரே வகை முட்டையிலிருந்தே பிறக்கின்றன. புழுப்பருவத்தில் ஊட்டப்படும் உணவின் வேறுபாடே ஒன்றை இராணியாகவும் மற்றதை ஊழியம் செய்வதாகவும் ஆக்குகின்றது. வேலைத்தேனீ முதலிற் கண்ணறைகளைத் துப்புரவு செய்யும். பின்னர்ப் புழுக்களுக்கு ஊட்டும். அதன்பின் மெழுகு சுரந்து வதை கட்டும். வாயிலிற் காவல் நிற்கும். ஏறக்குறைய மூன்று வாரம் சென்றபின் வெளியே பறந்து பூ நாடும்.

'தேனீயைப் போல ஓயாது உழை' என்று மாணவருக்கு அறிவுரை கூறுதல் வழக்கம். ஜெர்மானிய விலங்கியலறிஞர் மார்ட்டின் லிண்டவர் 107ஆம் எண் குறித்த ஒரு தனித் தேனீயை அதன் பிறப்பு முதலாக ஏறக்குறைய 177 மணி நேரம் கண்ணாடிக் கூட்டிற் கவனித்தார். அதில் ஏறத்தாழ 69 மணி நேரம் அது யாதொரு வேலையும் செய்யாது இருந்தது. ஏறத்தாழ 56 மணி நேரம் கூட்டினுள் சுற்றித் திரிந்தது. எனினும் இதனைச் சோம்பல் என்று கொள்ளுதல் தவறு. சுற்றித் திரிவதனால் எங்கே எவ்வேலை குறையாக உள்ளது என்பதை அது அறிகின்றது. ஓய்ந்திருப்பன, இடர் வந்தபோது எழுந்து உதவும் சேமப்படையாகின்றன. ஏவுவார் ஒருவருமின்றிப் பல்லாயிரம் உயிர்கள் ஒழுங்காக வாழ்வதன் இரகசியம் இதுவே.

தேனீயின் மொழியைக் கண்டுபிடித்தவர் லிண்டவரின் ஆசிரியரான கார்ல் வொன் பிறிஷ் என்னும் பேரறிஞர். பூவைக் கண்டு திரும்பிய தேனீ வதையின்மேல் ஒருவகை நடனம் ஆடுவதை அவர் 1920களிலேயே விரித்து எழுதினார். வட்டமாக ஆடினாற் பூந்தேனும், வாலை அசைத்து ஆடினால் மகரந்தமும் குறிக்கப்படுகின்றன என்பது அவரது முதற் கருத்து. ஏறக்குறைய இருபது ஆண்டுகளின் பின்னர் அது பிழையெனத் தாமே கண்டு, தாமே திருத்தினார். அசைவு நடனம் குறிப்பது பொருளின் வகையையன்று. அது இருக்கும் திசையையும் தூரத்தையுமே. கொண்ட கருத்தை உண்மையின் பொருட்டுக் கைவிட்ட அவ்வறிஞருக்கு 1973இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

அம்மொழியின் இலக்கணத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஜிந்துப்பிட்டியில் ஒரு மரப்பொந்தில் தேனீக் கூடு உள்ளது என்றும், அதற்கு நேர் தெற்கே அரை மைல் தூரத்தில் ஒரு மரம் பூத்துள்ளது என்றும் கொள்வோம். பங்குனி மாதத்துக் காலைப்பொழுதிற் சூரியன் கிழக்கே நிற்கும். சூரியனை நோக்கி நிற்பவருக்குத் தெற்கு வலக்கைப் பக்கம். இருண்ட பொந்தினுள்ளே செங்குத்தாகத் தொங்கும் வதையில் 'மேல்நோக்கிய திசையே சூரியன் உள்ள திசை' எனத் தேனீக்கள் கொள்கின்றன. ஆதலின் பூவைக் கண்டு வந்த தேனீ, மேல்நோக்கிய கோட்டிலிருந்து வலப்பக்கமாகத் தொண்ணூறு பாகை திரும்பி, உடலை அசைத்துக்கொண்டு ஓடும். மாலையிற் சூரியன் மேற்கே சென்றபின் அதே மரத்தைக் குறிக்க இடப்பக்கமாக ஓடும். அவ்வோட்டம் நீடிக்கும் நேரம் தூரத்தைக் காட்டும். தூரம் மிகுந்தால் நேரமும் மிகும். இருளில் இந்நடனத்தைப் பிற தேனீக்கள் கண்ணாற் பார்ப்பதில்லை. ஆடுவதன் உடலைத் தொட்டும் அதிர்வை உணர்ந்தும் பொருள் கொள்கின்றன.

சூரியனைக் குறிக்க மேல்நோக்கிய திசையைக் கொள்ளுதல் ஒரு குறியீடாகும். இத்தகைய குறியீடு ஒரு பூச்சிக்கு எவ்வாறு கைவந்தது? ஐரோப்பாவிலுள்ள ஒரே வகைத் தேனீயைக் கொண்டு இவ்வினாவுக்கு விடை காண இயலவில்லை. ஆகவே லிண்டவர் 1950களின் நடுவில் இலங்கைக்கு வந்தார். ஒன்றுக்கொன்று உறவான மூவகைத் தேனீக்கள் இங்கு ஒருங்கே வாழ்கின்றன அன்றோ?

முதலிற் கொம்புத்தேனீயை நோக்கினார். அதன் வதை கொம்பைக் கவிந்து மேற்புறத்தில் ஒரு தட்டையான மேடை போல அமைந்திருக்கும். வானம் தெரியும் அம்மேடையிலேயே அது ஆடுகின்றது. குறியீடு ஏதுமில்லை, பூவுள்ள திசையையே நேராக நோக்கி ஓடிக் காட்டுகின்றது, வழி கேட்டவனுக்குக் கையை நீட்டிக் காட்டுவது போன்றது இது. வதையைத் திருப்பி அம்மேடையைச் செங்குத்தாக்கியபோது ஆடியவை புதிதாக மேலே வந்த பக்கத்துக்கு ஏறிச் சென்று ஆடின. செங்குத்துப் பரப்பில் ஆடும் வித்தை அதற்குத் தெரியாது. மலைத்தேனீயோ செங்குத்தான வதையில் ஆடுகின்றது. மேல்நோக்கிய திசையைச் சூரியனாகக் கொள்ளும் குறியீட்டையும் அறிந்துள்ளது. ஆயினும் வானம் தெரியும் இடத்திலேயே ஆடுகின்றது. பொந்துத்தேனீ வானத்தைக் காணாத முழு இருளிலும் அக்குறியீட்டைப் பிழையறக் கையாள்கின்றது. சுட்டிக் காட்டும் நிலை, குறியீட்டைத் தொடங்கும் நிலை, குறியீடு நிறைவுற்ற நிலை ஆகிய மூன்று படிகளையும் ஒரே தீவில் லிண்டவர் கண்டார். கொம்புத்தேனீயின் கிளை மற்றவற்றினும் முந்திப் பிரிந்தது எனப் பிற்கால மரபணு ஆராய்ச்சியும் கூறுகின்றது. படிகளின் ஒழுங்கைப் பற்றி இன்றும் அறிஞரிடையே மாறுபாடு உண்டு. எனினும் வினாவை இத்துணைத் தெளிவாக எழுப்பிய பெருமை அவ்வாராய்ச்சிக்கே உரியது.

சூரியனை நம்பி வாழும் உயிருக்கு நம் நாட்டில் ஓர் இடர் உண்டு. ஆண்டில் இருமுறை நண்பகற் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும். கொழும்பில் இது ஏப்ரல் 7ஆம் நாளளவிலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் நிகழும். யாழ்ப்பாணத்திற் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நிகழும். அவ்வேளையிற் சூரியன் எத்திசையிலும் இல்லை. உச்சிக்கு இரண்டு மூன்று பாகைக்குள் அது நிற்கும் சில நிமிடங்களில் நடனம் நெறி தடுமாறுவதை வெப்ப வலய நாடுகளிற் செய்த சோதனைகள் காட்டின. அதன்பின் நண்பகற் சூரியன் வடக்கே செல்லத் தொடங்கவே, அது நகரும் போக்கும் எதிர்மாறாகின்றது. தேனீ பிறவியிலேயே எல்லாம் அறிந்ததன்று. சூரியன் செல்லும் வழியைத் தன் அநுபவத்தாற் கற்றுக்கொள்கின்றது. கற்றது மறவாமைக்கு மலைத்தேனீ சான்று. நிலவொளியிற் பூ நாடிச் செல்லும் அவ்வீ, இரவில் ஆடும்போது சந்திரனைக் கொண்டு திசை குறிப்பதில்லை. அடிவானத்தின் கீழே மறைந்திருக்கும் சூரியனைக் கொண்டே குறிக்கின்றது.

மூவகையும் ஒரே நாட்டில் வாழ்வதால் எழும் மற்றொரு சிக்கலும் ஈண்டே தெளிவாயிற்று. இராணித்தேனீ ஆகாயத்திற் பறக்கும்போதே ஆண்களுடன் கூடும். ஆண்களை ஈர்க்கும் மணப்பொருள் மூவகை இராணிகளுக்கும் பொதுவானது. அங்ஙனமாயின் இனங்கள் கலவாதிருப்பது எவ்வாறு? கெனிகர் என்னும் ஜெர்மானியரும் இலங்கையரான விஜயகுணசேகராவும் 1976இல் இதற்கு விடை தந்தனர். கொம்புத்தேனீயின் ஆண்கள் நண்பகல் முதல் இரண்டரை மணி வரையிலும், பொந்துத்தேனீயின் ஆண்கள் நாலேகால் முதல் ஐந்தேகால் வரையிலும், மலைத்தேனீயின் ஆண்கள் ஆறு மணி முதல் ஆறே முக்கால் வரையிலும் பறக்கின்றன. ஒரே ஆகாயத்தை நேர அட்டவணை வகுத்து மூவரும் பங்கிட்டுக் கொண்டனர் எனலாம்.

தேனீயின் கொடுக்கு மனிதருக்கு அச்சம் தருவது. சீகிரியாக் குன்றின் பாறைகளில் தொங்கும் மலைத்தேனீக்கள் கலைந்தெழுந்து யாத்திரிகரைத் தாக்கியதுண்டு. அங்கு ஒதுங்கி நிற்பதற்குக் கம்பிவலைக் கூடுகள் அமைக்கப்பட்டுள்ளன. ஆனால் அவ்வச்சமே உயிர் காக்கும் வழியாகவும் ஆகக்கூடும். இலங்கையில் யானைக்கும் மனிதருக்கும் நிகழும் மோதலில் அண்மைக்காலத்தில் ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்ட மக்களும் இருநூற்றுக்கு மேற்பட்ட யானைகளும் மாண்டுள்ளன. யானை தேனீயின் இரைச்சலுக்கு அஞ்சும் என்பது ஆபிரிக்காவிற் காட்டப்பட்டது. உடவளவைக் காட்டு யானைகளும் சினந்த பொந்துத்தேனீக்களின் ஒலிப்பதிவைக் கேட்டுப் பின்வாங்கின என 2018இல் வெளியான ஆராய்ச்சி தெரிவித்தது. வஸ்கமுவையை அடுத்த ஊர்களில் தேனீப் பெட்டிகளைக் கம்பியிற் கோத்து வேலியாக்கிச் சோதித்துள்ளனர். யானை கம்பியிற் பட்டாற் பெட்டிகள் ஆடும், தேனீக்கள் எழும். துப்பாக்கியும் மின்வேலியும் இன்றிப் பயிர் காக்கும் இம்முறை எல்லா இடத்துக்கும் ஏற்குமென்று கூறமுடியாது. எனினும் உழவனுக்குத் தேனையும் யானைக்கு உயிரையும் ஒருங்கே தருவது வேறு யாதுளது?

இத்துணைப் பயனுள்ள உயிரை நாம் நடத்தும் முறை நன்றன்று. சுவர்க்குழியில் ஒரு குடி வந்து தங்கினால் தீப்பந்தமோ நஞ்சோ கொண்டு அழிப்பவர் பலர். காட்டிலே தேனெடுப்போர் சிலர் புழுவும் ஈயும் சேர்ந்த வதை முழுவதையும் எரித்து விடுகின்றனர். பயிருக்குத் தெளிக்கும் நஞ்சு, அப்பயிர் காய்ப்பதற்கு மகரந்தம் சுமந்து வந்த ஈயையும் கொல்கின்றது. மாற்று வழிகள் உண்டு. பொந்துத்தேனீயைப் பெட்டிக்கு மாற்றிக் குடியமர்த்துவது பழகியவருக்கு எளிது. திருச்சிராப்பள்ளியில் நியூட்டன் பாதிரியார் 1910களிற் பலருக்குத் தேனீ வளர்ப்பைக் கற்பித்து வந்தார். அவர் வகுத்த சிறு பெட்டி தென்னாட்டில் அவர் பெயராலேயே இன்றும் வழங்குகின்றது. மலைத்தேனீ பருவந்தோறும் இடம் பெயர்வது. பொறுத்திருந்தால் அது தானே நீங்கும்.

தும்பியை விளித்து வினவிய பண்டைப் புலவர், அது உண்மை கூறும் என்னும் நம்பிக்கையோடு வினவினார். அதன் உறவான தேனீயின் விடையைச் சிறிதளவாவது படிக்க இன்று மனிதன் கற்றுள்ளான். அவ்விடை நம் வீட்டுச் சுவரிலும் மரப்பொந்திலும் ஆடப்பட்டுக்கொண்டிருக்கின்றது. அதனை எரிக்குமுன் ஒருகணம் நின்று நோக்குதல் கற்றார்க்குக் கடனாம்.